ஆளுக்கு ஒரு நிரை

போன மாதம் கிருபா தொலைபேசியில் கூப்பிட்டான். நான் ஓய்வு பெற்ற பிறகு தோட்டத்தில் என் இடத்துக்கு வந்திருக்கிற வெளிக்கள உத்தியோகத்தன் அவன். தோட்டத்து வழக்கில் சொன்னால் புதிய கண்டாக்கு. நல்ல பையன், பேச்சில் மட்டும் கொஞ்சம் அவசரம்.

"சேர், மேக்கணக்குக் காணிய அளந்து கல்லு நட ஆள் வருது. பிளான்ல பன்னெண்டு துண்டு இருக்கு. போய்ப் பாத்தா பதிமூணு வீடு நிக்குது. எனக்கு ஒண்ணுமே வெளங்கல சேர். நீங்கதானே ஆரம்பத்துல கூட நின்னு மொளை அடிச்சீங்க? ஒருக்கா வந்து காட்டித் தந்தீங்கன்னா நல்லம்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். என்னத்தைக் காட்டுவது? எனக்கே அது வெளங்காத சமாசாரம். கினிகத்தேனையில் ஒரு கடைக்கு மேலே வாடகைக்கு இருக்கிறோம் நானும் மனைவியும். அன்று பின்னேரம் முழுக்க மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கண்டு அவள், "என்னங்க, யாருக்கும் சொகமில்லையா?" என்று கேட்டாள். எல்லாரும் சுகம், எனக்குத்தான் குழப்பம் என்றேன். அது எப்போதும் உள்ளதுதானே என்று உள்ளே போய்விட்டாள்.

போய் வந்தேன். அங்கே நடந்ததைச் சொல்வதற்கு, நடந்ததற்கு முந்தியதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. என்னோடு வேலை பார்த்த இளையவர்கள், "உங்க அனுபவத்த எழுதுங்க சேர்" என்று பல தடவை சொல்லியிருக்கிறார்கள். எழுதினால் எனக்கும் தெளிவு வரும் என்று நம்பித்தான் தொடங்குகிறேன்.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாய்ச் சேர்ந்தேன். பிறகு உடப்புசல்லாவையில் கொஞ்ச காலம். கடைசியாக அட்டனுக்கு மேலே இந்தத் தோட்டத்துக்கு வந்து, இங்கேயே கண்டாக்காகி, இங்கேயே தலை நரைத்து வெளியே வந்தேன். எப்போது செடியை மட்டமாகக் கவ்வாத்து வெட்டுவது, எப்போது உரம் போடுவது, மழைக்கு முன் எந்தக் கானைத் துப்புரவாக்கித் தண்ணீரை எங்கே வடிய விடுவது என்பதையெல்லாம் எல்லாரையும் போல ஏச்சு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன். அதில் புதிதாய்ச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் யாரும் எழுதி வைக்காத ஒரு வேலை எனக்கு இருந்தது. ஆட்கள் வீடு கட்டாமல் பார்த்துக்கொள்வது. வேலையாட்கள் குடியிருக்கிற வரிசை வீடான லயம் தோட்டத்துச் சொத்து. லயத்தைச் சுற்றியுள்ள மண்ணும் தோட்டத்துச் சொத்து. யாராவது லயத்துக் காம்பராவோடு, அதாவது அறையோடு, ஒட்டிச் சமைக்க ஒரு குசினி இறக்கினால் போய் நின்று பிரிக்கச் சொல்ல வேண்டும். காவல்காரராய் இருந்த காளிமுத்துவின் கோழிக்கூட்டை எத்தனை தரம் பிரிக்கச் சொன்னேன் என்பது அந்தக் கோழிகளுக்குத்தான் தெரியும். மனிதர் ஊரில் ஒருத்தரோடும் ஒத்துப்போகாதவர். ஒருமுறை தகரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "கோழிக்கும் வேலையாள் மாதிரி செக்ரோல்ல பேர் பதியணுமாங்கய்யா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் கூட்டைப் பிரிக்க வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கும்போது ஒரு மழை வந்தது. கீழ்லயத்துக்கு மேலே மண் சரிந்து பின்சுவரில் வந்து சாய்ந்துகொண்டது. உயிர்ச்சேதம் இல்லை. சுவர் மட்டும் கை நுழைகிற அளவுக்குப் பிளந்து நின்றது. அங்கே இருந்தவர்களையெல்லாம் பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கொண்டுவந்தோம். பிறகு மேலிடத்திலிருந்து ஒரு முடிவு வந்தது. தோட்டத்தில் வேலை செய்கிற பன்னிரண்டு குடும்பத்துக்கும் மேக்கணக்கில் ஆளுக்கு ஒரு துண்டு காணி. அவர்களே காட்டை வெட்டி நிலத்தைத் தயார்ப்படுத்த வேண்டும். அத்திவாரம் போட்டவர்களுக்குச் சீமெந்தும் கல்லும் தகரமும் வரும்.

அதாவது நேற்று வரைக்கும் கோழிக்கூட்டைப் பிரிக்கச் சொன்ன வாயால் இன்றிலிருந்து வீடு கட்டுங்கள், சீக்கிரம் கட்டுங்கள் என்று நான் சொல்ல வேண்டும். அன்றைக்குத் தொடங்கியது என் குழப்பம்.

மேக்கணக்கு என்பது நான் வருவதற்கு முன்பே கைவிட்ட மலை. அதை யாரும் தேயிலை என்று சொல்ல மாட்டார்கள். கவ்வாத்துப் படாத தேயிலை மரமாகிவிடும். இரண்டாள் உயரத்துக்குப் போய், கொப்போடு கொப்பு பின்னி, உச்சி வெயிலிலும் உள்ளே இருட்டாயிருக்கும். நடுவில் மானாப்புல், முள், அட்டை. சிறுத்தை வந்து போன தடம், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் எப்போதும் இருக்கும். காட்டுப்பன்றிக்கு அதுதான் தாய்வீடு. இதற்குள் கத்தியும் அலவாங்கு என்கிற கடப்பாரையுமாய்ப் பன்னிரண்டு குடும்பம் இறங்கியது.

முதல் வாரம் பார்த்த காட்சி மறக்காது. ஆண்கள் தேயிலை மரத்தை வெட்டிச் சாய்ப்பார்கள். சாய்ந்த மரத்தின் உச்சியில் துளிர் இருக்கும் அல்லவா, பெண்கள் ஓடிப்போய் அந்தக் கொழுந்தைக் கிள்ளிவிடுவார்கள். எடுத்து என்ன செய்ய? கூடையும் இல்லை, நிறுக்க ஆளும் இல்லை. கிள்ளியதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கானைப் பார்ப்பேன்.

எதற்கெடுத்தாலும் என்னிடம் கேள்வி. "அடுப்ப எந்த மூலையில வைக்கலாங்கய்யா?" "வாசல் ரோட்டப் பாத்து இருக்கலாங்களா?" உங்கள் காணி, உங்கள் வீடு, உங்கள் இஷ்டம் என்று சொல்லிப் பார்த்தேன். அப்படிச் சொன்னால் நான் கோபமாயிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னும் பணிவாய்க் கேட்டார்கள். கடைசியில் வாய்க்கு வந்தபடி, இங்கே வையுங்கள், அங்கே வையுங்கள் என்று சொல்லத் தொடங்கினேன். எல்லாருக்கும் நிம்மதி.

இந்தக் குழப்பத்தை எடுத்துக்கொண்டு நான் போகிற இடம் பெரிய தொரையின் அலுவலகமான கந்தோர். தோட்டத்துக்கு அவர்தான் முகாமையாளர். சிங்களவர், தங்கமான மனிதர், எங்களோடு தோட்டத்துத் தமிழ் பேசுவார். ஆனால் ஒரு வசனத்தையும் முடிக்க மாட்டார். கேள்வியைச் சொன்னால் பேனையை மூடி வைப்பார். எழுந்து சன்னலண்டை போய்த் திரைச்சீலையை நீவிவிடுவார். "கண்டாக்கையா, அது வந்து... நாம..." என்று தொடங்கி, மலையைப் பார்த்துக்கொண்டே, "பலமு" என்று முடிப்பார். பார்ப்போம் என்று அர்த்தம். இந்த பலமுவை நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, அவர் முகம் எப்படியிருந்தது, திரைச்சீலையை இழுத்தாரா தள்ளினாரா என்றெல்லாம் யோசித்து, ஆம் என்றோ இல்லை என்றோ முடிவு கட்ட வேண்டும். இத்தனை வருடத்தில் பாதி தடவை சரியாய் வந்திருக்கும்.

காணி அளந்தவர்கள் ரோட்டிலிருந்து பெரிய கான் வரைக்கும் வரிசையாகப் பன்னிரண்டு துண்டாகப் பிரித்து, நடுநடுவே சிவப்பு மை பூசிய மரமுளை அடித்திருந்தார்கள். கான் பக்கத்துக் கடைசித் துண்டில் மட்டும் ஒரு நிபந்தனை. அதில் ரோட்டுப் பக்கமாய் உள்ள பாதியில்தான் வீடு கட்டலாம், கானை ஒட்டிய பாதியில் தோட்டம் மட்டும் போடலாம், தண்ணீர் வந்தால் அந்தப் பக்கம் மண் நிற்காது என்று அவர்களே சொல்லிவிட்டுப் போனார்கள். கல் நட்டு உறுதிப்படுத்த பின்னால் வருவதாகச் சொன்னார்கள். அதுவரை முளைகளைக் காப்பது என் பொறுப்பு.

இனி சரோஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் கீழ்மலையில் அவள் கைக்கு இணையான கொழுந்துக் கை கிடையாது. புருசன் இறந்த பிறகு, செக்ரோல் என்கிற வேலையாட்கள் பதிவிலிருந்து பேரை வெட்டிக்கொண்டு வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போனாள். இடுப்பில் அடிபட்டுத் திரும்பி வந்தாள். கூடை தூக்க முடியாது, அதனால் மறுபடி பேர் பதியவில்லை. பிள்ளைகுட்டி கிடையாது. கீழ்லயத்தின் கடைசிக் காம்பராவில், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டினாள். காணி தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும். ஆக சரோஜாவுக்கு இல்லை. பள்ளிக்கூட மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்கிற நாள் வந்தால் எல்லாரும் மேக்கணக்குக்கு ஏறுவார்கள். அவள் மட்டும் பிளந்து நிற்கிற அந்தச் சுவருக்குக் கீழே திரும்பிப் போக வேண்டும். அடுத்த மழையும் தூரத்தில் இல்லை.

அப்படியிருந்தும் தினமும் எல்லாரோடும் மலைக்கு ஏறி வருவாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அடுத்தவர் காணியில் புல் பிடுங்குவாள்.

"ஒனக்கு இங்க என்ன வேலை சரோஜா?" என்று கேட்டுவிட்டேன்.

"சும்மா இருந்தா மனசு ஒரு மாதிரியா இருக்குங்கய்யா. இவங்க வீட்டையாச்சும் பாக்கலாமேன்னுதான்."

நேரே தொரையிடம் போய்ச் சொன்னேன். அவர் பேனையை மூடினார். "சரோஜா... ஆ, பாவம். ஆனா பேர்... மத்த ஆளுங்க கேட்டா..." திரைச்சீலையை நீவினார். பலமு. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அது இல்லை என்றுதான் எனக்குப் பட்டது.

அதற்கடுத்த நாள் காலையில் போனால், முதல் துண்டுக்கும் இரண்டாவது துண்டுக்கும் நடுவில் நின்ற முளை இடம் மாறியிருந்தது. ரோட்டுப் பக்கமாய் நகர்ந்திருந்தது. அப்படியென்றால் முதல் துண்டுக்காரருக்கு நட்டம், இரண்டாவது துண்டான லெச்சுமிக்கு லாபம். லெச்சுமி கொழுந்து மலையில் முன்னுக்கு நிற்கிறவள், வாயும் அதற்கேற்ற நீளம். பிடித்து ஏசினேன்.

"காணி கெடைச்சு மாசம் ஆகல, அதுக்குள்ள எல்லை தள்றியா?"

லெச்சுமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாய் மூடி நின்றதே எனக்கு அதிசயம். அதைவிட அதிசயம், நட்டப்பட்ட முதல் துண்டுக்காரர் சிரித்துக்கொண்டு, "விடுங்கய்யா, போனாப் போகுது" என்றார். முளையைப் பிடுங்கிப் பழைய இடத்தில் அடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அது மறுபடி நகர்ந்திருந்தது. அதோடு நிற்கவில்லை. எல்லா முளையும் நகர்ந்திருந்தன. அதுவும் ஒரே அளவில் இல்லை. முதலாவது கொஞ்சம், இரண்டாவது அதைவிடக் கொஞ்சம் கூட, மூன்றாவது இன்னும் கூட என்று போய்க்கொண்டேயிருந்தது. இது காளிமுத்துவின் வேலையாகத்தான் இருக்கும் என்று அவருடைய ஏழாவது துண்டுக்குப் போனேன்.

"நானா? எனக்கு வேற வேலை இல்லைன்னு நெனச்சீங்களா?" என்று பாய்ந்தார். "என் கோழிக்கூட்டத் தேடி வந்தீங்க, இப்ப மொளையத் தேடி வர்றீங்க. பாருங்க, என் காணியே சின்னதாப் போயிருக்கு."

பார்த்தேன். உண்மைதான், சின்னதாகியிருந்தது. அடுத்தவருடையதும் சின்னதாகியிருந்தது. ஒரு வெட்டுக்கட்டையில் உட்கார்ந்து நிதானமாய் ஒவ்வொரு துண்டாகப் பார்த்தேன். எல்லாருக்கும் நட்டம். லாபம் ஒருத்தருக்கும் இல்லை. கடைசியில் பெரிய கானுக்குப் பக்கத்தில் யாருக்கும் சொந்தமில்லாமல் ஒரு துண்டு நிலம் மிஞ்சியிருந்தது. உடப்புசல்லாவையில் ஒரு முழ நிலத்துக்காக அண்ணன் தம்பி மண்டை உடைத்துக்கொண்டதை விலக்கியிருக்கிறேன். எல்லாரும் ஒன்றுசேர்ந்து தோற்கிற எல்லைச் சண்டையை அன்றைக்குத்தான் கண்டேன்.

அன்று கொழுந்து மலையைச் சுற்றிப் பார்க்கக் கீழே இறங்கினேன். பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேயிலைச் செடிகளின் வரிசையைத்தான் நிரை என்கிறோம். காலையில் கங்காணி ஆளுக்கு இன்ன நிரை என்று பிரித்துவிடுவார். அவரவர் நிரையை அவரவர்தான் எடுத்து முடிக்க வேண்டும். நடுவில் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் போல, கை ஓடவில்லை. இந்தப் பக்கத்துக்காரி போகிற போக்கில் அவளுடைய நிரையில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்துக்காரி இன்னொன்றை. ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படி மற்றவர்கள் அவள் நிரையை வாங்கிக்கொள்ளாவிட்டால் அவளுக்கு அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான் விழும். கங்காணி அந்த நேரம் பார்த்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். இது மலையில் தினமும் நடப்பது. நான் கண்டும் காணாமல் போகிற விசயம்.

அப்படியே நின்றுவிட்டேன். பிறகு மூச்சு வாங்க மறுபடி மேக்கணக்குக்கு ஏறினேன். அது வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலை, நிரைகள் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேராக இறங்கும். மரம் வெட்டியாகிவிட்டாலும் கட்டைகள் வரிசையாய் நின்றன. கட்டைகளை வைத்துப் பார்த்தால் எல்லாம் துலங்கியது. ஒவ்வொரு துண்டும் சரியாக ஒரு நிரை குறைந்திருந்தது, முன்னே பின்னே இல்லை.

லெச்சுமியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"இது சரோஜாவுக்கா?"

"எதுங்கய்யா?"

"லெச்சுமி, என்னையப் பைத்தியக்காரனாக்காத."

கொஞ்ச நேரம் முந்தானையைத் திருகினாள். பிறகு, "என் மூணு புள்ளைங்க வயித்துல இருக்கறப்பயும் என் நெரைய யாருங்க எடுத்தா? அவதான். இங்க இருக்கற பொம்பளைங்க எல்லாருக்கும் அப்புடித்தான். இப்ப அவளுக்கு முடியல. நாங்க ஆளுக்கு ஒரு நெரை வாங்கிக்கிட்டோம். அவ்வளவுதானுங்களே."

"காளிமுத்து கொழுந்து எடுத்த ஆளா? அவரு ஏன் குடுத்தாரு?"

"அதான் எங்களுக்கும் தெரியல. கேக்கப் போனா ஏசுறாரு."

"சரோஜாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவாளாங்கய்யா?"

எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒன்று மட்டும் கண்ணில் குத்தியது. மிஞ்சின நிலம் போய் நிற்கிற இடம். ரோட்டுப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு நிரையாய் ஒதுக்கிக்கொண்டே போனதில், சரோஜாவின் பங்கு முழுவதும் கானோரத்தில் விழுந்திருந்தது. வீடு கட்டக் கூடாது என்று அளந்தவர்கள் சொல்லிவிட்டுப் போன அதே இடம். மண்சரிவிலிருந்து தப்பின பொம்பளையைத் தண்ணீர் வருகிற வழியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

சொன்னதும் லெச்சுமி வாயில் கை வைத்தாள். "ரோட்டுப் பக்கமிருந்துதானுங்களே நெரை புடிப்போம். பழக்கத்துல அப்புடியே போயிட்டோங்கய்யா."

அன்று பின்னேரமே தொரையைப் பார்க்கப் போனேன். முளைகளைப் பழையபடி அடிப்பதா, அல்லது வேறு வழி இருக்கிறதா என்று நேராகக் கேட்டேன். பேனை மூடப்பட்டது. சன்னல். திரைச்சீலை. "இந்த மலையில மண்ணே நிக்க மாட்டேங்குது கண்டாக்கையா. அதுல மரக்கட்டைய அடிச்சுட்டு, அது நிக்கணும்னு..." அப்படியே நிறுத்திவிட்டு வெளியே பார்த்தார். பலமு என்றுகூடச் சொல்லவில்லை. காத்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்து, இன்னும் போகவில்லையா என்பது போல் சிரித்தார்.

அது உத்தரவா, மறுப்பா, வெறும் மழைப்பேச்சா? கந்தோர்ப் படியிலிருந்து என் வீட்டு வாசல் வரைக்கும் யோசித்தேன். முளையைத் திருப்பி அடித்தால் நான் என் கடமையைச் செய்தவன், சரோஜா பிளந்த லயத்துக்குப் போவாள். விட்டுவிட்டால் அவள் கானோரத்தில் இருப்பாள். இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. மூன்றாவது ஒன்று இருந்தது. மிஞ்சுகிற நிலத்தை ஓரத்தில் விடாமல் நடுவில் விழச் செய்வது. ரோட்டுப் பக்கத்து ஆறு பேரும் இப்போது நிற்கிறபடியே நிற்கலாம். கான் பக்கத்து ஆறு பேரும் பழைய எல்லைக்குத் திரும்பி, அந்த முனையிலிருந்து ஒரு நிரை ஒரு நிரையாய் ஒதுக்கிக்கொண்டு வந்தால், ஆறாவது துண்டுக்கும் ஏழாவது துண்டுக்கும் நடுவே இடம் திறக்கும். நல்ல கெட்டி மண். ஆனால் அதைச் செய்ய வேண்டுமானால் முளையை நகர்த்துகிற ஆள் நானாக இருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டு முடிந்ததும் பட்டப்பகலில் மலைக்கு ஏறினேன். எல்லாரையும் கூப்பிட்டு அவரவர் துண்டில் நிற்கச் சொன்னேன். கான் முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு முளையாய்ப் பிடுங்கி அடித்துக்கொண்டு வந்தேன். மறிப்பார் யாருமில்லை. காளிமுத்து மட்டும், "நேராய் அடிங்கய்யா, கோணுது" என்று பின்னாலேயே குறை சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் இடம் திறந்ததும் சரோஜாவைக் கூப்பிட்டு, இதில் உனக்கு ஒரு வீடு போடு என்றேன்.

அவள் நிலத்தைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் நின்ற கட்டைகளைப் பார்த்தாள். அவளும் கொழுந்துக்காரிதானே, ஒரு நொடியில் பிடித்துவிட்டாள். முகம் கறுத்தது.

"யாரு கேட்டா ஒங்கள? என் நெரைய நானே எடுப்பேன். எனக்கு யாரும் பிச்சை போட வேணாம்!"

விறுவிறு என்று இறங்கிப் போய்விட்டாள். ஒரு கிழமை மலைப்பக்கம் வரவில்லை. கடைசியில் லெச்சுமியும் மற்றப் பெண்களும் போய் என்ன பேசினார்களோ, மண்டபம் மூடுகிற நாளன்று சாமான் மூட்டையோடு ஏறி வந்தாள். ஒருத்தரோடும் பேசாமல் நடு நிலத்தில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினாள். மழைக்கு முன்னால் எல்லாருமாய்ச் சேர்ந்து அவளுக்கு அத்திவாரம் தோண்டினார்கள். வந்த கல்லிலும் சீமெந்திலும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து, ஒரு அறையும் குசினியும் எழும்பின. அந்த மழையிலேயே கீழ்லயத்தின் பின்சுவர் விழுந்தது. உள்ளே யாரும் இல்லை.

பிறகு நான் ஓய்வு பெற்றேன். கந்தோரில் மாலை போட்டு அனுப்பினார்கள். தொரை பேச எழுந்து, "கண்டாக்கையா நமக்கு... இவ்வளவு காலமா..." என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் கை தட்டினார்கள்.

இனி போன மாதம் நடந்தது. பஸ்ஸில் அட்டனுக்குப் போய், அங்கிருந்து ஆட்டோவில் மேக்கணக்குக்கு ஏறினேன். காடு இருந்த இடம் தெரியவில்லை. லீக்ஸும் போஞ்சியும் முட்டைக்கோவாவுமாய்க் காய்கறிப் பாத்திகளும், நடுவில் பதின்மூன்று வீடுகளும். கட்டைகளையெல்லாம் எப்போதோ தோண்டி எரித்துவிட்டார்கள். கிருபாவும் அளக்க வந்தவர்களும் கல்லோடு காத்திருந்தார்கள். குடும்பங்களெல்லாம் வேலைக்குப் போகாமல் வாசலில் நின்றன.

வழியிலேயே லெச்சுமி என்னைப் பிடித்துக்கொண்டாள். "காளிமுத்து அண்ணனும் சரோஜா அக்காவும் பேச்சுவார்த்தை இல்லைங்கய்யா. அவரு கோழி இவ போஞ்சியக் கொத்திருச்சாம். போன வாரம் ரோட்டுல நின்னு, என் நெரையத் திருப்பிக் குடுடின்னு கத்துனாரு. இன்னைக்கி என்ன சொல்லப் போறாரோ."

கிருபா எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். "இப்ப இருக்கிற எல்லைய அப்படியே அளந்து பிளானத் திருத்தலாம். ஆனா பன்னெண்டு பேருல ஒரு ஆள் என் காணி கொறையுதுன்னு சொன்னாலும் பழைய பிளான்படிதான் கல்லு நடணும். அப்ப நடுவுல உள்ள வீடு நிக்காது. அதனால உண்மைய சொல்லுங்க."

ஒருத்தரும் வாய் திறப்பதற்கு முன்னால் சரோஜா முன்னே வந்தாள். இடுப்பு இன்னும் சாய்ந்திருந்தது, குரல் சாயவில்லை.

"தம்பி, நான் சொல்றேன். இது என் காணி இல்ல. இவங்க எல்லாரும் ஆளுக்கு ஒரு நெரை வெட்டிக் குடுத்தது. நான் திருட்டுத்தனமா இருக்கேன்னு நாளைக்கி யாரும் சொல்லக் கூடாது. அவங்கவங்க நெரைய அவங்கவங்களுக்குக் குடுத்திருங்க. நான் எங்கயாச்சும் போறேன்."

கிருபா என்னைப் பார்த்தான். நான் எதைச் சொல்வது? பழைய முளை எங்கே நின்றதென்று எனக்குத் தெரியும். புதிய முளையை அடித்ததும் நான். எது சரியான எல்லை என்று கேட்டால் மட்டும் எனக்குத் தெரியாது. அவன் முதல் துண்டுக்குப் போனான்.

"ஒங்க காணியில ஒரு நெரை குடுத்தீங்களா?"

"இல்லைங்களே. என் காணி ஆரம்பத்துல இருந்தே இவ்வளவுதான்."

லெச்சுமி: "நெரையா? தேயிலையே இல்லாத எடத்துல நெரை ஏதுங்க?"

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது வீட்டிலும் அதே பதில். எவ்வளவு வேகமாய்ச் சொன்னார்களோ அவ்வளவு சாதாரணமாய்ச் சொன்னார்கள். "பொய் சொல்றாங்க தம்பி, எல்லாரும் பொய் சொல்றாங்க" என்று சரோஜா கிருபாவின் பின்னாலேயே வந்தாள். ஆறாவது வீடு தாண்டி அவளுடைய வாசலையும் தாண்டி, ஏழாவதில் காளிமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எல்லாரும் அங்கேயே பார்த்தார்கள்.

"ஒங்க காணி கொறையுதா?" என்று கிருபா கேட்டான்.

காளிமுத்து சரோஜாவை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு இதுக்கு மேல எப்பங்க இருந்துச்சு?"

"அட மனுசா!" சரோஜாவுக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. "போன வாரம் ரோட்டுல நின்னு நெரையத் திருப்பிக் கேட்டியா இல்லையா?"

"அது கோழிச் சண்டை. இது காணி."

மற்ற ஐந்து வீட்டிலும் கேட்டு முடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. கிருபா திரும்பி வந்து, "சேர், நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டான். அவங்க காணி அவங்களுக்குத்தானே தெரியும் தம்பி, என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அளக்க வந்தவர்களுக்குக் கை காட்டினான்.

ரோட்டுப் பக்கமிருந்து ஒவ்வொரு கல்லாய் நட்டுக்கொண்டு வந்தார்கள். சரோஜாவின் வீட்டுக்கும் காளிமுத்துவின் வீட்டுக்கும் நடுவில் மண் இளகியிருந்தது, கல் சாய்ந்துகொண்டேயிருந்தது. காளிமுத்து உள்ளே போய் அலவாங்கைக் கொண்டுவந்தார். "நின்னு அழுதுக்கிட்டிருக்காம இதைப் புடி. நேராப் புடி" என்றார். சரோஜா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்து, அவருடைய கோழியையும் அவரையும் சேர்த்து ஏசிக்கொண்டே, கல்லை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்தாள். அவர் சுற்றிவர மண்ணை இடித்து இறுக்கினார்.